உசிலம்பட்டியில் உண்ணப்படாத காலை உணவு: தீட்டு எங்கே, நஞ்சு எங்கே?

தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி என்றொரு சிற்றூர் உள்ளது. மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி அன்று. கோவில்பட்டியைச் சுற்றி விரியும் கரிசல் பூமியின் உசிலம்பட்டி. அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் படிப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளே. 2023 ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டபோது இந்தப் பள்ளிக்கும் அடுப்பு வந்தது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் சமையலராக நியமிக்கப்பட்டார். அவர் தலித். அவர் சமைத்த உணவைப் பெரும்பாலான குழந்தைகள் உண்ணவில்லை. உண்ணக் கூடாதென்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

செய்தி வெளியானதும் அதிகாரிகள் சென்றனர், பெற்றோரிடம் பேசினர். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் பள்ளிக்குச் சென்று, குழந்தைகளோடு அமர்ந்து அந்தப் பெண் சமைத்த உணவை உண்டனர். குழந்தைகளும் உண்டனர். படங்கள் நாளேடுகளில் வந்தன. சாதி காரணமல்ல, தனிப்பட்ட பகையே காரணம் என்ற விளக்கமும் ஊரிலிருந்து வந்தது. பிறகு, வழக்கம்போல, செய்தி ஓய்ந்துவிட்டது.

காமராசர் ஆட்சிக் காலத்து மதிய உணவுத் திட்டத்தின் தொடக்கத்தோடு சேர்த்து நினைவுகூரப்படும் ஊர் எட்டயபுரம். பசித்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சோறு போடுவதென்று முடிவெடுத்த அந்த மண்ணில், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், ஒரு பெண்ணின் கை பட்டதால் சோறு உண்ணத்தகாததாகக் கருதப்பட்டது. இந்த முரணைப் பலரும் சுட்டிக்காட்டியுள்ளனர். நாம் இங்கே பேச விரும்புவது அதிகம் பேசப்படாத ஒன்றை. உண்ணப்படாமல் பாத்திரத்தில் கிடந்த அந்த உணவுக்கு என்ன நேர்கிறது? உணவு உண்மையில் எப்போது, எதனால் கெடுகிறது? அந்தக் கேள்விக்கு அறிவியல் தரும் விடையையும் சாதி தரும் விடையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பள்ளி உணவு தொடர்பாக நாம் எதைக் கேட்டுப் போராட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

சோறு கெடுவது எப்படி

அரிசியிலும் பருப்பிலும் ரவையிலும் மண்ணிலிருந்து வரும் சில நுண்ணுயிரிகளின் வித்துகள் ஒட்டியிருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்பது அவற்றில் முதன்மையானது. சோறு கொதிக்கும் வெப்பத்திலும் இந்த வித்துகள் சாவதில்லை. உணவு சூடாக இருக்கும்வரை உறங்கிக் கிடக்கும். ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகும். ஐந்து பாகை செல்சியஸுக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையே கிருமிகள் பெருகும் களம். சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சுற்றுப்புற வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே பாதுகாப்பு என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதல்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டியே இருக்கும். கோடையில் 38, 40 என்று ஏறும். ஓடோ தகரமோ வேய்ந்த சமையற்கூடத்துக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதாவது, மேலைநாட்டு அடுக்களையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இரண்டு மணி நேரக் கணக்கு கரிசல் காட்டுக்குப் பொருந்தாது. இங்கே நமக்கு இருப்பது ஒரு மணி நேரம்.

கணக்காகவே பார்ப்போம். தோதான வெப்பத்தில் ஒரு கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது என்று கொண்டால், மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகும். ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். காலை ஆறரைக்கு இறக்கி வைத்த கிச்சடி நண்பகல்வரை ஆறிக் கிடந்தால் அதற்குள் நடப்பது இதுதான்.

இதில் மூன்று செய்திகளை மாணவர்களும் களப்பணியாளர்களும் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, கெட்ட உணவு எல்லா நேரமும் கெட்ட வாடை வீசாது. உணவை ஊசிப் போகச் செய்யும் உயிரிகள் வேறு. நோயுண்டாக்கும் உயிரிகள் வேறு. நன்றாக மணக்கும் சாம்பாரிலும் நஞ்சு இருக்கலாம். இரண்டாவது, மறுபடி சூடு காட்டினால் சரியாகிவிடும் என்பது பிழையான நம்பிக்கை. பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் உமிழும், வாந்தியுண்டாக்கும் நஞ்சும், கையிலுள்ள புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவுக்கு வரும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. கிருமி சாகும், அது விட்டுச் சென்ற நஞ்சு சாகாது. மூன்றாவது, பெரிய அண்டாவில் சமைத்த குழம்பும் கூட்டும் உட்புறத்தில் மிக மெதுவாகவே ஆறும். மேற்பரப்பு ஆறியிருந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். காற்றில்லா இடத்தில் வளரும் குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமிக்கு அதைவிடத் தோதான இடமில்லை. விருந்துச் சமையலிலும் விடுதிச் சமையலிலும் கூட்டமாக வயிற்றுப்போக்கு ஏற்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உண்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கினால் முன்பே உருவாகியிருந்த நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் போக்கும் வந்தால் கிருமி குடலுக்குள் பெருகியிருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தொல்லையாகக் கழிவது, எடை குறைந்த குழந்தைக்கு நீரிழப்பாகி உயிரைப் பறிக்கவும் கூடும்.

இவ்வளவிலும் சமைப்பவரின் சாதி எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கை கழுவப்பட்டதா, தண்ணீர் தூய்மையானதா, பாத்திரம் மூடப்பட்டதா, சமைத்ததற்கும் உண்டதற்கும் இடையில் எத்தனை மணி நேரம் சென்றது என்பவையே வினாக்கள். தீட்டு என்று சாதி சொல்வது இல்லாத நஞ்சு. காலமும் வெப்பமும் சேர்ந்து உண்டாக்குவதே உள்ள நஞ்சு. உசிலம்பட்டியில் குழந்தைகள் அந்த உணவை மறுத்த முதல் நிமிடத்தில் அது முற்றிலும் பாதுகாப்பான, சூடான, சத்தான உணவாகவே இருந்திருக்கும். மறுக்கப்பட்டுக் கிடக்கக் கிடக்கத்தான் அது கெடத் தொடங்குகிறது.

கரிசல் மக்களின் உணவறிவு

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வாழ்க்கையில் உணவைக் கெடாமல் காக்கும் அறிவை உழைக்கும் மக்கள் தாங்களாகவே உருவாக்கிக் கொண்டனர். தமிழ் மொழியே அதற்குச் சான்று. 'புளித்தது' என்பதும் 'ஊசியது' என்பதும் நமக்கு ஒன்றல்ல. புளித்த கூழைக் குடிக்கலாம். ஊசிய குழம்பைக் கொட்ட வேண்டும். முன்னதில் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் வேலை செய்து உணவைப் புளிப்பாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறத் தீங்கு செய்யும் கிருமிகள் பெருக முடியாமல் ஒடுங்குகின்றன. கம்பங்கூழும், சோளக்கூழும், இரவில் நீரூற்றி வைத்துக் காலையில் உண்ணும் பழைய சோறும் இந்த அறிவின் விளைவுகளே. பயணத்துக்குக் கட்டுச்சோறாகப் புளிச்சோற்றைத் தேர்ந்ததும், தேங்காய் சேர்த்ததை உடனே உண்டு முடித்ததும் அதே அறிவுதான்.

ஆனால் இதை வெறும் பெருமையாகப் பேசி நின்றுவிடக் கூடாது. பழைய சோற்றைப் புளிப்பே காக்கிறது. அந்தப் புளிப்பு ஏறும்வரை அதற்குப் பாதுகாப்பில்லை. நீரூற்றாமல் பானையிலேயே விட்ட வெறுஞ்சோறு பழைய சோறு அன்று, கெடப்போகும் சோறு. பருப்பும் காயும் சேர்ந்த பள்ளிக் கிச்சடிக்கும் பொங்கலுக்கும் சாம்பாருக்கும் இந்தப் புளிப்புக் காவல் கிடையாது. 'எங்கள் பாட்டி பழையதைத் தின்றுதான் நூறு வயது வாழ்ந்தாள்' என்று சொல்லி, ஆறிக் கிடந்த சாம்பாரை யாருக்கும் ஊற்றக் கூடாது.

உழைப்பின் நேரமும் இதில் சேர்கிறது. தீப்பெட்டித் தொழிலின் உச்சக் காலத்தில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரக் கிராமங்களுக்கு விடியுமுன்னரே ஆலைப் பேருந்துகள் வந்து பெண்களையும் சிறுமிகளையும் ஏற்றிச் சென்றன. அதிகாலையில் அடைத்த தூக்குவாளிச் சோறு நண்பகலில்தான் திறக்கப்பட்டது. இன்றும் பட்டாசு ஆலைக்கும், நூறு நாள் வேலைக்கும், மக்காச்சோளக் காட்டுக்கும் செல்லும் பெண்களின் நிலை பெரிதும் மாறவில்லை. காலை ஐந்து மணிக்குச் சமைத்து, எட்டு மணி நேரம் வெயிலில் தொங்கிய சோற்றை உண்பவர் யார், குளிரூட்டிய அறையில் உண்பவர் யார் என்று கணக்கெடுத்தால் அதில் வர்க்கக் கோடு தெரியும். சற்று உற்று நோக்கினால் சாதிக் கோடும் தெரியும்.

இதனால்தான் காலை உணவுத் திட்டம் இந்த வட்டாரத்துக்கு மிகவும் தேவையானது. விடியலில் வேலைக்குச் செல்லும் தாயால் எட்டு மணிக்குப் பிள்ளைக்குச் சூடான சோறு போட முடியாது. முந்தைய நாள் மிச்சமோ, வெறும் வயிறோதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும். அந்த இடத்தில் சூடான உப்புமாவையும் பொங்கலையும் சாம்பாரையும் வைத்தது இந்தத் திட்டம். அதைச் சாதியின் பெயரால் மறுத்தவர்கள் அந்தச் சமையலரை மட்டும் அவமதிக்கவில்லை. தங்கள் பிள்ளைகளையும் பட்டினி போட்டனர்.

மிச்சச் சோற்றின் சாதி

உணவு கெடுவதைப் பற்றிப் பேசும்போது தலித் மக்களுக்கு ஒரு தனி நினைவு உண்டு. இந்தச் சமூகத்தில் கெட்ட உணவுக்கும் மிச்ச உணவுக்கும் ஒரு சேருமிடம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருந்தது. எஞ்சிய உணவையும் பழைய துணியையும் பதரையும் சூத்திரப் பணியாளனுக்குக் கொடு என்கிறது மனு. சண்டாளர் உடைந்த பாத்திரத்தில்தான் உண்ண வேண்டும் என்கிறது. சாத்திரம் சொன்னதை ஊர் வழக்கம் நடத்திக் காட்டியது. துணி வெளுத்தவரும், பிணம் எரித்தவரும், பறையடித்தவரும், தெருக் கூட்டியவரும் கூலிக்குப் பதிலாக இரவில் வீடு வீடாகச் சென்று சோறு வாங்கினர். காலையில் சமைத்து, ஊர் உண்டு, இரவுவரை எஞ்சியது அது. சில வீட்டுச் சோறு, சில வீட்டுக் குழம்பு, எல்லாம் ஒரே பாத்திரத்தில். தலித் மக்களுக்கே துணி வெளுத்த புதிரை வண்ணார் அந்த அடுக்கின் அடியில் நின்று சோறெடுத்ததை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவல் பதிவு செய்துள்ளது. எச்சில் என்று பொருள்படும் 'ஜூட்டன்' என்ற சொல்லையே ஓம்பிரகாஷ் வால்மீகி தம் தன்வரலாற்றுக்குத் தலைப்பாக வைத்தார்.

இன்றைய அறிவியல் சொற்களில் சொன்னால், பன்னிரண்டு மணி நேரம் வெப்ப அபாயத்தில் கிடந்த, பல கைகள் பட்ட, பல வீட்டுக் கலவையான உணவு ஒரு பிரிவு மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கூலியாகக் கொடுக்கப்பட்டது. அந்த உணவால் வந்த நோயும் சாவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தீட்டு பார்த்தவர்கள், உண்மையான நஞ்சைத் தீண்டத்தகாதவர் என்று தாங்கள் சொன்ன மக்களின் பாத்திரத்தில் ஊற்றினர்.

1927 மார்ச்சில் மகத் மாநாட்டில், செத்த மாட்டிறைச்சியையும் பிறர் கழித்துப் போடும் மிச்ச உணவையும் உண்பதை விடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். அதைத் தூய்மைவாதமாகவோ மேல்நிலையாக்கமாகவோ படிப்பது பிழை. கூலியைக் கூலியாகக் கேள், சோற்றை உரிமையாகக் கேள், எஞ்சியதை ஏற்காதே என்பதே அதன் பொருள். சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததும், மிச்சச் சோற்றை மறுக்கச் சொன்னதும் ஒரே மாநாட்டில் நிகழ்ந்தவை. பொது நீரில் உரிமை, உணவில் மாண்பு: இரண்டும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்.

இந்த நினைவு இன்றைக்கும் தேவை. திருமண மண்டபத்தில் எஞ்சிய பிரியாணியை இரவு பதினொரு மணிக்குச் சேரிக்கும் காப்பகத்துக்கும் அனுப்புவது அறமாகக் கொண்டாடப்படுகிறது. உணவு வீணாகக் கூடாது என்பது நல்ல எண்ணமே. ஆனால் பகல் பன்னிரண்டுக்கு இறக்கிய உணவு நள்ளிரவில் யாருடைய பிள்ளையின் தட்டில் விழுகிறது என்று கேட்க வேண்டும். தன் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாததைப் பிறர் பிள்ளைக்குக் கொடுப்பது தானமாகாது. உசிலம்பட்டிக்கும் இதே விதிதான்: எட்டரை மணிக்குச் சாதி இந்துக் குழந்தைகள் மறுத்த உணவை நண்பகலில் காலனிக் குழந்தைகளுக்குக் கொடுத்து 'வீணாகாமல் பார்த்துக்கொண்டோம்' என்று எந்தப் பள்ளியும் சொல்லும் நிலை வரக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது

பள்ளியில் சமைத்த உணவு என்பது அரசின் கருணை அன்று. மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த உணவுரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. ஒரே பந்தியில் அமர்ந்து, தலித் கைகள் சமைத்ததை எல்லாப் பிள்ளைகளும் உண்பது கல்வியின் ஒரு பகுதி என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளி உணவைச் சட்ட உரிமையாக்கியது. 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள், பரிமாறுமுன் ஆசிரியர் சுவைத்துப் பார்ப்பதையும், மாதந்தோறும் சில பள்ளிகளின் உணவை ஆய்வகத்தில் சோதிப்பதையும், உணவு வழங்கப்படாத நாளுக்கு ஈட்டுத்தொகை தருவதையும் சொல்கின்றன.

சமையலரின் பக்கமும் சட்டம் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015 திருத்தத்துக்குப் பின் சமூகப் புறக்கணிப்பையும், ஒருவர் தொழிலோ பணியோ செய்வதைத் தடுப்பதையும் குற்றமாக வரையறுக்கிறது. ஆனால் நடைமுறை வேறு. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் தலித் சத்துணவுச் சமையலருக்கு எதிர்ப்பு எழுந்தபோது, அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை வேறிடத்துக்கு மாற்றியது. போராட்டத்துக்குப் பின்பே அந்த ஆணை விலக்கப்பட்டது, வழக்குப் பதிவானது. ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைக்க 2025 நவம்பர் வரை ஏழாண்டுகள் பிடித்தன. உசிலம்பட்டி செய்தி வந்த அதே 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் இதே மறுப்பு நிகழ்ந்தது; வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று ஆட்சியர் எச்சரித்த பின்னரே ஊர் இறங்கி வந்தது. 2021 டிசம்பரில் உத்தரகாண்டின் சம்பாவத் மாவட்டத்தில் தலித் சமையலர் நீக்கப்பட்டபோது, அப்பள்ளியின் தலித் மாணவர்கள் உயர்சாதிப் பெண் சமைத்த உணவை மறுத்து விடை சொன்னார்கள். நீக்கப்பட்டவர் பின்னர் மீண்டும் பணியில் அமர்ந்தார்.

அமைச்சர்கள் வந்து உண்பது தேவையான செயல். அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் அமைச்சர் உண்ட மறுநாளும் அந்தப் பெண் விடியலில் அடுப்பு மூட்ட வேண்டும். அவருக்குத் துணையாக நிற்பது படமா, சட்டமா என்பதே வினா.

தொலைதூரச் சமையலறை தீர்வாகாது

இத்தகைய சிக்கல் எழும்போதெல்லாம் ஓர் 'எளிய தீர்வு' முன்வைக்கப்படுகிறது. எங்கோ ஒரு பெரிய சமையலறையில் எந்திரங்களைக் கொண்டு சமைத்து, வண்டியில் ஏற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பினால் யார் சமைத்தது என்ற பேச்சே எழாது என்பார்கள். 2020இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவை அட்சய பாத்திரம் அறக்கட்டளை வழங்க முற்பட்டபோது, வெங்காயமும் பூண்டும் சேர்க்காத அதன் சமையல் முறையை ஒட்டிக் கடும் விவாதம் எழுந்தது. 2023 இறுதியில் மாநகராட்சியின் காலை உணவைத் தனியாருக்கு ஒப்படைக்கும் யோசனைக்கும் எதிர்ப்பு வந்தது. பண்பாட்டுக் காரணமும் வேலைவாய்ப்புக் காரணமும் அப்போது சரியாகவே பேசப்பட்டன. அவற்றோடு மூன்றாவதாக உணவுப் பாதுகாப்புக் காரணத்தையும் சேர்க்க வேண்டும்.

கணக்கு எளிது. பள்ளி வளாகத்தில் அதே ஊர்ப் பெண் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினால், இறக்கியதற்கும் தட்டில் விழுவதற்கும் இடையில் அரை மணி, முக்கால் மணி நேரமே ஆகும். ஐம்பது பள்ளிகளுக்கு ஒரே இடத்தில் சமைத்தால், முதல் அண்டா நள்ளிரவு கடந்ததும் இறங்க வேண்டும். கொள்கலனில் அடைத்து வண்டி ஏற்றி, கடைசிப் பள்ளியைச் சேரும்போது நான்கைந்து மணி நேரம் சென்றிருக்கும். அறுபது பாகைக்குக் குறையாமல் வெப்பம் காக்கும் கொள்கலனும், வழி நெடுகக் கண்காணிப்பும் இருந்தால்தான் அது பாதுகாப்பு. ஒரு வண்டி பழுதானால், ஒரு சமையலறையில் ஒரு தவறு நேர்ந்தால், நோயுறுவது ஒரு பள்ளியல்ல, ஐம்பது பள்ளிகள்.

இது வெறும் அச்சமன்று. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த இளம்பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகேயுள்ள விடுதியில் உணவு நஞ்சானதில் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் நிலை தெரியாமல் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பின்பே விடுதிகளின் நிலை வெளியே வந்தது. 2022 அக்டோபரில் திருப்பூர் அருகே திருமுருகன்பூண்டியில் ஒரு தனியார் காப்பகத்தில் உணவு நஞ்சானதில் மூன்று சிறுவர்கள் இறந்தனர். இரண்டிலும் உண்டவர்களுக்கு உணவின் மீது எந்த அதிகாரமும் இருக்கவில்லை. சமைத்ததை அவர்கள் பார்க்கவில்லை. கேள்வி கேட்கும் இடத்திலும் அவர்கள் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியபோது, ஹெலிகாப்டரிலிருந்துகூட உணவுப் பொட்டலங்கள் போட வேண்டியிருந்தது. பேரிடரில் அது தவிர்க்க இயலாதது. ஆனால் தொலைவில் கட்டிய பொட்டலம் எப்போது கட்டப்பட்டது என்று உண்பவருக்குத் தெரியாது என்ற நிலையை அன்றாடப் பள்ளி உணவின் விதியாக்கக் கூடாது.

ஆகவே, ஊர்ப் பள்ளியில், பிள்ளைகளின் கண்முன் சமைக்கும் பெண்ணே உணவுப் பாதுகாப்பின் மிகச் சிறந்த ஏற்பாடு. உசிலம்பட்டியில் சாதி விரட்டப் பார்த்தது அந்த ஏற்பாட்டைத்தான். அந்தப் பெண்ணை அகற்றித் தொலைவிலிருந்து சோறு கொண்டுவந்தால், இல்லாத நஞ்சுக்கு அஞ்சி உள்ள நஞ்சை அழைத்து வந்தவர்களாவோம்.

நாம் கேட்க வேண்டியவை

தலித் இயக்கங்களும் மாணவர் அமைப்புகளும் பள்ளி உணவைப் பற்றிப் பேசும்போது நியமன உரிமையோடு நின்றுவிடுகிறோம். அதோடு சிலவற்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியிலும் உணவு இறக்கிய நேரமும் பரிமாறிய நேரமும் பலகையில் எழுதப்பட வேண்டும். ஒரு சுண்ணக்கட்டி போதும்; செலவில்லை. பரிமாறி ஒரு மணி நேரத்துக்குப் பின் எஞ்சும் சமைத்த உணவு எந்தக் குழந்தைக்கும், எந்தத் தெருவுக்கும் அனுப்பப்படக் கூடாது. எவ்வளவு எஞ்சியது, ஏன் எஞ்சியது என்பதும் பதிவேட்டில் வர வேண்டும். 'குழந்தைகள் வரவில்லை' என்று எழுதிச் சாதி மறுப்பை மறைக்க முடியாத வகையில் அந்தப் பதிவு இருக்க வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று நாள்கள் உணவு பெருமளவு எஞ்சினால் வட்டார அதிகாரி நேரில் விசாரிக்க வேண்டும் என்று விதி வேண்டும்.

சமையலருக்குத் தூய நீரும், கைகழுவும் வசதியும், காற்றோட்டமுள்ள சமையற்கூடமும், நோயுற்றால் ஊதியத்தோடு விடுப்பும் தர வேண்டும். காய்ச்சலோடும் கைப்புண்ணோடும் சமைக்க வராதே என்று சொல்லும் அரசு, வராத நாளுக்குக் கூலி வெட்டினால் அந்த விதி யாரையும் காக்காது. புறக்கணிப்பு நிகழ்ந்தால் சமையலரை இடமாற்றக் கூடாது. வழக்குப் பதிய வேண்டும்.

இதே அளவுகோலை விடுதிகளுக்கும் கொண்டு செல்ல வேண்டும். 2025இல் அரசு விடுதிகள் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றம் பெற்றன. பெயருக்கு ஏற்ற சோறு வேண்டும். இரவுச் சோற்றைக் காலையில் தாளித்துப் போடும் வழக்கத்தை விடுதி வாழ்க்கையை அறிந்த நம்மில் பலர் அறிவோம். வயிற்றுவலியைச் சொந்த உடம்பின் குறையாக எண்ணிப் பாடவேளையைத் தவறவிட்டவர்களும் நம்மிடையே உண்டு. அது உடம்பின் குறையன்று. தூய்மைப் பணியாளர்களுக்கு 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் சென்னையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் இதே கேள்வி எழ வேண்டும்: எப்போது சமைத்தது, எவ்வளவு தொலைவு வந்தது, பணியாளர் கைக்கு வரும்போது சூடாக இருக்கிறதா? வாங்குபவர் தூய்மைப் பணியாளர் என்பதால் ஆறிய சோறு போதும் என்று எவரும் எண்ணும் இடமே கொடுக்கக் கூடாது.

நோய் நேர்ந்தால் சட்டம் நமக்குத் துணை நிற்கும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் இறப்பு நேர்ந்தால் ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கடும் பாதிப்புக்கு மூன்று லட்சம் வரையும் இழப்பீடு தர வழிசெய்கிறது. பலர் ஒரே உணவை உண்டு நோயுற்றால், எஞ்சிய உணவை மூடி எடுத்து வைப்பதும், யார் எப்போது உண்டார், எப்போது வாந்தி தொடங்கியது என்று எழுதி வைப்பதும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அன்றே எழுத்தில் புகாரளிப்பதும் நம் முதல் வேலைகள். அந்தக் குறிப்பில்லாமல் பின்னால் எந்த வழக்கும் நிற்பதில்லை.

உசிலம்பட்டிப் பள்ளியில் அன்று நடந்ததை 'குழந்தைகள் சாப்பிட மறுத்தனர்' என்றே நாளேடுகள் எழுதின. மறுத்தவர்கள் குழந்தைகள் அல்லர். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பசி தெரியும். பொங்கலின் வாசம் தெரியும். சாதியை வீடுதான் ஊட்டுகிறது. அந்தப் பிள்ளைகள் பின்னர் உண்டார்கள் என்பதே நமக்கு நம்பிக்கை தருவது. கரிசல் காட்டின் ஒவ்வொரு பள்ளியிலும் காலையில் புகை எழ வேண்டும். யார் கை மூட்டிய அடுப்பென்று கேளாமல் பிள்ளைகள் உண்ண வேண்டும். உண்ணும்போது சோறு சூடாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தே கேட்போம்.